மூக்குக் குழாயில் உணவு செலுத்தும்போது இருமல்

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாயில் காற்றை ஊதியபோது அம்மாவின் வயிற்றில் சத்தம் கேட்டது, ஆனாலும் உணவு செலுத்தினால் இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கக்கூடும். இருமல் வந்தவுடன் உணவை நிறுத்துங்கள். மூக்கின் விளிம்பில் இருந்த குழாயின் அளவுக்குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்த நீரின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சிறு சந்தேகம் என்றாலும் சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் செவிலியரை அழையுங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். மூச்சுத் திணறினால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

குழாய் சரியான இடத்தில் இருப்பது உறுதியான பிறகு, தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்து மெதுவாகச் செலுத்துங்கள். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை எடையையும் குறித்து வையுங்கள். உணவின் அளவை மாற்ற மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.