மூன்று கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) மட்டும் வாசித்த அமெரிக்க பங்க் ராக் இசைக்குழு ரமோன்ஸுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் தகுமா?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்க் கடற்கரையில் நண்பர்களோடு நடந்த வாக்குவாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். தகும், சந்தேகமே வேண்டாம்.

முதலில், ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் இந்த அமைப்பின் விதி: முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பிறகு பரிந்துரைக் குழு பெயர்களை முன்மொழியும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களிப்பார்கள். ரசிகர் வாக்கு முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு வாக்குச்சீட்டுதான்! ரமோன்ஸ் 1976-இல் முதல் ஆல்பம் தந்து, 2002-இலேயே உள்ளே போனார்கள். பிரிட்டிஷ் பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸ் 2006-இல் தேர்வாகியும் விழாவுக்குப் போக மறுத்தார்கள். பங்க் இசைக்கு முன்னோடியான நியூயார்க் டால்ஸ் குழு 2022 பரிந்துரையில் இருந்தும் தேர்வாகவில்லை. இதுதான் எனக்குப் பெரிய அநியாயம்.

"மூன்று கார்டு" என்பவரிடம் கிட்டாரைக் கொடுங்கள். ரமோன்ஸின் கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் போல மேலிருந்து கீழே மட்டும், ஒரு தாளச் சுற்றுக்கு 8 அடி. மூன்றாம் நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். உடனே கை தானாகக் கீழிருந்து மேலும் அடிக்கத் தொடங்கும், ஒலியின் கூர்மை போய்விடும். மணிக்கட்டைத் தளர்த்தி, பிக்கின் (கம்பியை மீட்டும் சிறு தகடு) நுனியை மட்டும் நீட்டிப் பிடித்துப் பழக வேண்டும். உங்கள் மண்டபம் கடற்கரை உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.