காது கேளாத குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்குத் தகவலும் துணையும் எங்கே கிடைக்கும்?

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று உறுதியாகிவிட்டது, இனி யாரை நாடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காது கேளாத ஒருவரோடு நீங்களும் என்னைப் போலவே அதுவரை பழகியிராதவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இத்தகைய குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறப்பதால், இந்த ஊகம் பெரும்பாலும் தவறாது.

காது கேளாத என் மகனின் ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் சோதனை வரைபடத்தில், 85 டெசிபல் என்று குறித்திருந்தார்கள். அதை 85 சதவீதம் என்று எடுத்துக்கொண்ட நான், மீதி 15 சதவீதம் கேட்கிறது என்று உறவினர் அனைவரிடமும் சொல்லிவைத்தேன். டெசிபல் சதவீதமன்று, எவ்வளவு உரக்க ஒலித்தால் குழந்தைக்கு இலேசாகவேனும் கேட்கத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் அளவு அது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 50 முதல் 60 டெசிபல்தான் என்பதால், காது கேட்கும் கருவி இல்லாதபோது என் குரல் அவனை எட்டவே இல்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இதை எனக்கு விளக்கியவர், காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய்.

அவரே, "கருவி விசிலடிக்கிறதா?" என்றும் கேட்டார். விசிலடித்துக்கொண்டுதான் இருந்தது, பொறுக்கமாட்டாமல் நான் ஒலியளவைக் குறைத்துவைத்திருந்தேன். குழந்தையின் காது வளர வளர, காதின் வடிவத்துக்கேற்ப அச்செடுத்துச் செய்யும் செருகியான இயர் மோல்டு தளர்ந்துபோகிறது, அந்த இடுக்கின் வழியே கசியும் ஒலி மீண்டும் மைக்கில் புகுவதால் விசில் எழுகிறது, சிறு குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அச்செடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கேட்டிருக்கக்கூடியதை ஆறு வாரம் நானே என் கையால் குறைத்திருக்கிறேன். கருவியைத் தந்தவர்கள் பேட்டரி மாற்றவும் துடைத்து வைக்கவும் கற்றுத்தந்தார்கள், இதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

மருத்துவரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கேட்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூளை உறைக் காய்ச்சலால் செவித்திறன் போன குழந்தைக்கு உட்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக்கூடும். அப்போது, அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிய முடிவைத் தள்ளிப்போட முடியாது. அத்தகைய முடிவுகளுக்கு மருத்துவர்தான் வழி. அன்றாடம் அந்தக் கருவியோடு வாழ்வதைப் பற்றி, வாழ்பவர்களுக்கே அதிகம் தெரியும் என்பது மட்டுமே என் வாதம்.

அந்த "வாழ்பவர்கள்" பட்டியலில் காது கேளாத பெரியவர்களை நான் சேர்க்கவே இல்லை என்பதுதான் என் பெரிய பிழை. மகனுக்கு நான்கு வயதானபோதுதான் அப்படி ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தேன். என் பையனுக்கு எது தேவை என்று தாளில் எழுதிக் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், அப்புறம் சொல்கிறேன் என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை" என்று எழுதித் தந்தார். அன்று காலையில்கூட நான் என் மகனிடம் அப்படிக் கை காட்டியிருந்தேன்.

சைகை மொழியைத் தொட்டால் பேச்சு வராது என்று எங்களை எச்சரித்திருந்தார்கள். கல்வியில் சைகையைவிடப் பேச்சுக்கே முதலிடம் என்று, 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு தீர்மானித்த நாளிலிருந்து தொடரும் எண்ணம் இது. அத்தீர்மானங்களை 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு நிராகரித்து வருத்தமும் தெரிவித்துவிட்டது. நான் கருவிக்கு எதிரியல்லன். என் மகன் இன்றும் இரண்டு காதிலும் கருவி அணிகிறான், பேச்சுப் பயிற்சிக்கும் போகிறான். குளிக்கும்போதும் உறங்கப்போகும்போதும் கருவியைக் கழற்றிவிடும் குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது என்பதற்கு மட்டும் அந்த எச்சரிக்கையில் விடை இல்லை.

எனவே, உங்கள் ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் வல்லுநரிடம், ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஓரிரு வயது மூத்த குழந்தையின் பெற்றோரிடம், அவர்கள் சம்மதித்தால், அறிமுகப்படுத்தவும் சொல்லுங்கள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951 முதல் இயங்குகிறது. அதன் உறுப்புச் சங்கங்களின் வழியே உங்கள் நாட்டுச் சங்கத்தைக் கண்டுபிடித்து, சைகை மொழி கற்றுத்தருபவர்களைப் பற்றி விசாரிக்கலாம். ஆங்கிலம் வாசிப்பீர்களானால், பிரிட்டனில் 1944இல் பெற்றோர்கள் தொடங்கிய நேஷனல் டெஃப் சில்ட்ரன்ஸ் சொசைட்டியின் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மறதியாக "அப்புறம்" என்று கை காட்டினால், என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, முழுவதும் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டான்.