கூட்டம் பிடிக்காதவர் மலை ஊரில் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கும் காட்டு நடைகளுக்கும் போய்ப் பழகுவது எப்படி?

கேட்டவர் அநேகமாக மாற்றலாகி மேலே வந்தவர். வங்கியோ பள்ளிக்கூடமோ, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாடகை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர். 'இவ்வளவு அழகான ஊரில் இருந்துகொண்டு வெளியே போகாமல் இருக்கிறாயே' என்று கீழேயிருந்து போன் செய்பவர்கள் நச்சரித்திருப்பார்கள். நான் நீலகிரியில் கோத்தகிரிக்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்தும் அதே நச்சரிப்பைக் கேட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. மேடையேற்றினால் பேசுவேன், பேசி முடித்ததும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 'நல்ல மருத்துவராகப் பாருங்கள்' என்று எழுதக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

மே மாதம் எங்கள் ஊர் நேரு பூங்காவில் நடக்கும் காய்கறிக் கண்காட்சிக்கு எதிர்வீட்டு அக்கா ஒருமுறை இழுத்துப் போனார். கேரட்டையும் குடைமிளகாயையும் அடுக்கிச் செய்த உருவங்களைப் பார்த்ததைவிட, அவற்றின் முன்னால் படமெடுக்க நின்றவர்களின் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். தெரிந்தவர்கள் எல்லாரும் கல்யாணம் எப்போது என்றார்கள். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அதே அக்காதான் ஊரை ஒட்டிய லாங்வுட் சோலைக்காட்டில் பறவை பார்க்கும் நடைக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமலே. வாசலில் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, பெயர், வேலை, பிடித்த பறவை சொல்லச் சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் தன் கேமரா லென்ஸின் பெருமையைச் சொல்லி மாளவில்லை. என் முறை வந்தபோது 'காகம்' என்றேன். அக்கா முழங்கையால் இடித்தார்.

பிறகு, அழைத்துப் போனவர் 'உள்ளே யாரும் பேசக் கூடாது, எதுவானாலும் கையால் காட்டுங்கள்' என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நடந்தார். ஓரிடத்தில் நின்று முகவாயால் காட்டினார். முழங்கால் உயரக் குச்சி ஒன்றில், தலையும் இறக்கையும் கறுப்பாக, மற்றதெல்லாம் ஆரஞ்சாக, சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஓர் ஈப்பிடிப்பான். சருகின் மேல் இறங்கும், எதையோ கொத்தும், அதே குச்சிக்குத் திரும்பும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இது. அது இருட்டுக்குள் போகும்வரை இருவரும் நின்றோம். திரும்பி வரும்போதும் அவர் என் ஊர், குடும்பம் எதையும் விசாரிக்கவில்லை. இப்போதும் மார்க்கெட்டில் பார்த்தால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். இந்த ஊரில் எனக்கு மிகவும் வேண்டியவர் யார் என்று யாராவது கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தரும் சோலை அது. மொத்தமே 116 ஹெக்டேர். 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு பெயர் வெளியே பரவிவிட்டது. ஒலிபெருக்கியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர்களுக்கும் சேர்த்து.

இதைச் சொல்லும்போது சொந்தக்காரர்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்திரை பிறந்தால் எங்கள் வீடு சத்திரம். வருடம் முழுக்க நலம் விசாரிக்காத சித்தப்பாவுக்குத் திடீரென்று பாசம் பொங்கும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் மலைக்கு வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தபோது உள்ளூர மகிழ்ந்தேன். அந்த வருடம் விண்ணப்பித்தாலே கிடைத்துவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அந்த விண்ணப்பமும் என் தலையில். தங்குமிடம் என்ற கட்டத்தில் 'உன் வீட்டு விலாசத்தையே போட்டுவிடும்மா' என்கிறார் சித்தப்பா. சுற்றுலாவால்தானே ஊர் பிழைக்கிறது என்பீர்கள். பிழைக்கட்டும், என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஏன் பிழைக்க வேண்டும்?

சரி, உங்கள் விஷயம். கண்காட்சிகளை விடுங்கள். வாய்க்கு வேலையில்லாமல் கண்ணுக்கு வேலையிருக்கும் இடமாகப் பாருங்கள். பக்கத்துக் கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் நினைவகத்துக்கு வார நாளில் போனால் நீங்களும் பழைய படங்களும்தான். சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பேச்சுக்குப் பயந்து தனியாக நுழைந்துவிடாதீர்கள், காட்டு மாடு நிற்கும். மழைக்காலமானால் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், அட்டை ஏறும். குழுவாகப் போகும் நடைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போங்கள். வட்டம் கலைந்திருக்கும், நடை தொடங்கியிருக்காது. நான் அப்படித்தான் செய்கிறேன். அக்காவுக்குத்தான் கோபம்.