ஒரு முகத்துக்கு எத்தனை டியூப்?

சித்திரை பிறந்தால் என் காரைக்குடி கிளினிக்கில் பாதிப் பேர் பருவோடுதான் வருகிறார்கள். வெயில், வியர்வை, அதோடு கல்யாண சீசன். இந்த முறை எழுதிக் கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எண்ணெய் வழியும் முகம், டாக்டர். சாலிசிலிக், நியாசினமைடு, வைட்டமின் சி, கிளைகாலிக், ரெட்டினால் என்று ஐந்து சீரம் வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறேன். பரு போகவில்லை, முகம்தான் எரிகிறது. எதை முதலில் போட வேண்டும்? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

இரண்டு வாரத்துக்கு எதையும் போடாதீர்கள். எரிகிறது என்றால் தோலின் மேலடுக்கு நொந்து போயிருக்கிறது. அது ஆறட்டும். அதுவரை காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ், அதன் மேல் லேசான ஜெல் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், இவ்வளவு போதும். எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பீர்கள். எண்ணெய் வேறு, ஈரப்பசை வேறு. எண்ணெய் வழிகிற முகமும் வறண்டு எரியும், உங்களுக்கு இப்போது நடப்பதே அதுதான். சன்ஸ்கிரீன் ஜெல் வகையாக, வெயிலைத் தடுக்கும் அளவான எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகம், கழுத்துக்குச் சரியாக இருக்கும். இதைத் தவிர்த்தால் பரு போன இடத்துக் கருமை சீக்கிரம் போகாது.

எரிச்சல் அடங்கியதும் அந்த ஐந்தில் 2 சதவீத சாலிசிலிக்கை மட்டும் வாரம் இரண்டு மூன்று இரவு போடுங்கள். அது எண்ணெயில் கரையும் என்பதால் தோல் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் டாக்டர் சீட்டோடு அடாபலீன் 0.1 சதவீத ஜெல். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாக, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில். பரு மேல் மட்டும் புள்ளி வைத்தால் அடுத்த பரு பக்கத்தில் கிளம்பும். முதல் சில வாரம் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடவும் செய்யலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்குகிற வேலை இல்லை இது.

மகனுக்குப் 14 வயது. நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு. கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. என்ன சோப்பு வாங்குவது? (தேவகோட்டை)

சோப்பை விடுங்கள், தலைக்கு என்ன தேய்க்கிறீர்கள்? தினமும் காலையில் அப்பத்தா கை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்தி வாரிவிட்டால், பத்து மணி வெயிலில் அது நெற்றிக்குத்தான் இறங்கும். எண்ணெய் வேண்டுமென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள். அப்பத்தாவிடம் பேசுவது உங்கள் பொறுப்பு.

எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு, இதில் எது பருவுக்கு நல்லது? (கோட்டையூர்)

எலுமிச்சையைத் தொடவே வேண்டாம். கடும் புளிப்பு, தோலை அரித்துவிடும். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சுட்ட மாதிரி கறுத்தும் போகும். மஞ்சள் பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் அடைபட்ட துளையைத் திறக்கவும் செய்யாது. முட்டை வெள்ளைக்கரு நம் செட்டிநாட்டு வீடுகளில் சுவருக்குத்தான் பிரமாதம். சுண்ணாம்போடு சேர்த்துப் பூசிய சுவர் இன்றைக்கும் கண்ணாடியாக மின்னுகிறது. முகத்தில் காயும்போது இழுத்துப் பிடிக்கும், கழுவினால் முடிந்தது.

மெடிக்கலில் கொடுத்த கிரீம் போட்டேன். ஒரே வாரத்தில் பரு அமுங்கி, முகமும் வெளுத்தது. ஆறு மாதமாக விடாமல் போடுகிறேன். இப்போது ஒரு நாள் விட்டால்கூட முகம் சிவந்து பொரிப்பொரியாக வருகிறது. வேறு நல்ல கிரீம் சொல்லுங்கள். (பெண், 26, பள்ளத்தூர்)

இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன். போன மாதம் ஓர் அம்மா இதே கதையோடு வந்து, மஞ்சப்பையை என் மேஜையில் கவிழ்த்தார். ஒன்பது டியூப். எல்லாம் ஒரே கிரீம். கடைசிச் சொட்டு வரை வாலைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியிருந்தார். மடிப்பில் பாதி மறைந்த பொடி எழுத்தில் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று மூன்று பெயர். முதல் பெயர் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், அதனால் பரு மறைந்த மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவப்பு நரம்பு ஓடும், முகத்தில் முடி வளரும், அதுவே புதுப் பருவையும் கிளப்பும். நிறுத்தினால் சீறும். அந்தச் சீற்றத்துக்குப் பயந்து திரும்பப் பூசுகிறோம். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது. கடையில் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

உங்கள் டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், இதில் ஏதாவது இருந்தால் டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்வார். குணமாகச் சில மாதம் பிடிக்கும், ஆனால் குணமாகும். உங்களுக்கு இன்னொரு கிரீம் பெயர் நான் இங்கே எழுதப் போவதில்லை.

அரிசி ஆலையில் வேலை. மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப் பரு, அரிக்கிறது. பரு ஜெல் கேட்கவில்லை. (புதுவயல்)

அரிப்பும், ஒரே அளவும் இருந்தால் அது பருவாக இருக்க வாய்ப்பு குறைவு. வியர்வை ஊறிய உடம்பில் மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, முடிக்கால்களில் பெருகினால் இப்படி வரும். அதற்கு மருந்தே வேறு, பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் வகை. ஒரு தடவை டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். வேலை முடிந்ததும் தூசியோடு உட்காராமல் குளித்துப் பனியனை மாற்றுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். பழைய பரு மருந்தைப் போடலாமா? (கானாடுகாத்தான்)

அடாபலீன், ட்ரெட்டினாயின் என்றால் வேண்டாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கண்டிப்பாகக் கூடாது, குழந்தைக்குப் பெரும் ஆபத்து. அஸலாயிக் ஆசிட் போடலாம், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

பென்சாயில் பெராக்சைடு ஜெல் போட்ட முகத்தைக் கண்டாங்கி முந்தானையில் துடைத்தேன். அரக்குச் சேலையில் வெள்ளைத் திட்டு! துணியையே வெளுக்கும் மருந்து முகத்தை என்ன செய்யும்? (காரைக்குடி)

முகத்தை வெளுக்காது, பயப்படாதீர்கள். பருக் கிருமியைக் கொல்லும் அதே ஆக்சிஜன் வேலைதான் துணிச் சாயத்தையும் எடுத்துவிடுகிறது. 10 சதவீதம் வாங்கியிருந்தால் தீர்ந்ததும் 2.5க்கு மாறுங்கள். பலன் ஏறக்குறைய அதேதான், எரிச்சல் குறைவு. துடைக்க ஒரு வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முந்தானைச் சாயம் திரும்ப வராது.