லோகோவை எடுக்க 16 லட்சம் தேவையில்லை

போன சனிக்கிழமை சாயங்காலம் கோவை கணபதியிலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். கூடவே அம்மா, பெரியப்பா, பிளஸ் டூ முடித்த மகள். உட்கார்ந்ததும் அந்தப் பெண் எதுவும் பேசாமல் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

திரையில் நீல நிற ரோபோ முகம் ஒன்று இரண்டு விநாடி வந்து போனது. அடுத்து ஒரு டவுன் பஸ் விளையாட்டு. ஆடுகிறவர்தான் கண்டக்டர். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்து, சில்லறையும் சரியாகக் கொடுத்துவிட வேண்டும். லட்சுமி மில்ஸ் நெருங்க நெருங்கக் கூட்டம் கூடுகிறது. யாராவது 500 ரூபாய்த் தாளை நீட்டினால் கை பதறுகிறது. மூன்று முறை ஆடினேன், மூன்று முறையும் தோற்றேன், நான்காவது முறை ஆடத் தோன்றியது. யாரும் சொல்லித்தராமல் ஒரு வருடத்தில் இதைச் செய்திருக்கிறாள்.

"இது இவ செஞ்சதே இல்லைங்க சார்" என்றார் பெரியப்பா. "ஆரம்பத்துலயே வேற கம்பெனி படம் வருது பாருங்க. எதையோ டவுன்லோடு பண்ணிக்கிட்டு நான் பண்ணினேங்குது."

அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "காலேஜ்காரரும் அப்படித்தானுங்க சொன்னாரு. லோகோவை எடுக்கோணும்னா லைசென்ஸ் வேணுமாமா. அவங்ககிட்ட கேம் டிசைன் கோர்ஸ்ல சேர்ந்தா லைசென்ஸ் அவங்களே குடுத்துருவாங்களாமா. வருசத்துக்கு 4 லட்சமுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள 50,000 அட்வான்ஸ் கட்டச் சொல்லியிருக்காங்க."

அது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பி.டெக். நான்கு வருடத்துக்கு 16 லட்சம், விடுதிச் செலவு தனி. பட்டறை இடத்தை அடமானம் வைக்கலாம் என்று பேச்சு. 'கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்' என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அந்த லைசென்ஸ் கதையைக் கேட்ட பிறகு அப்படியே சமாதானம் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்திடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே கதையோடு இந்த வருடம் இன்னும் சில வீடுகள் வந்திருக்கின்றன.

பெரியப்பாவின் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பாவிடம் கேட்டேன்: "உங்க லேத்துல எந்தக் கம்பெனி பேர்ப்பலகை இருக்கு? அதுல நீங்க கடையிற ஷாஃப்ட் அந்தக் கம்பெனியோடதா?" அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். கேம் இன்ஜின் என்பதும் ஒரு லேத்துதான். படத்தைத் திரையில் வரைவது, பொருளோடு பொருள் மோதினால் கணக்குப் போடுவது, ஒலி எழுப்புவது எல்லாம் இன்ஜினின் வேலை. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள், சில்லறை தப்பினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்தப் பெண் யோசித்து எழுதியது.

அடுத்தது லோகோ. அவள் பயன்படுத்தியிருப்பது கோடோ என்ற இன்ஜின். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் உருவாக்கி, 2014-இல் மூல நிரலோடு உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். அந்த ரோபோ முகம் இன்ஜின் தானாகவே வைக்கும் தொடக்கப் படம். அது இருந்தே ஆக வேண்டும் என்று உரிமத்தில் எங்குமே இல்லை. "புராஜெக்ட் செட்டிங்ஸ்ல பூட் ஸ்பிளாஷ்னு இருக்கும் பாரும்மா" என்றேன். அரை நிமிடத்தில் ரோபோ போய், அவள் வரைந்த பஸ் படம் வந்தது. பத்துப் பைசா செலவில்லை. 16 லட்சம் கொடுத்து வாங்கச் சொன்ன 'லைசென்ஸ்' இவ்வளவுதான்.

ஆனால் அவள் கட்டாயம் செய்தாக வேண்டிய ஒன்று இருந்தது. அதை அந்தக் காலேஜ்காரரும் சொல்லவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. கோடோ வருவது எம்ஐடி உரிமத்தில். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் உரிமம் அது. விற்கலாம், மாற்றலாம், யாருக்கும் பங்கு தர வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் விளையாட்டோடு சேர்ந்தே போக வேண்டும். நன்றித் திரையில் வைக்கலாம், 'உரிமங்கள்' என்று ஒரு பட்டன் வைக்கலாம், கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகக் கொடுத்தாலும் போதும். அந்த வாசகத்தை எடுத்துத் தரும் ஃபங்ஷன் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது, நான்கைந்து வரி எழுதினால் வேலை முடிந்தது. இன்ஜினுக்குள் எழுத்து வரையும் ஃப்ரீடைப் மாதிரி பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளும் இருப்பதால் அவற்றின் அறிவிப்பும் சேர வேண்டும். இவளுடைய விளையாட்டில் அந்தத் திரை இல்லை. எல்லோரும் லோகோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருக்க வேண்டிய வாசகம் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மற்ற இன்ஜின்களின் கணக்கு வேறு. யூனிட்டியின் இலவசப் பதிப்பில் பல வருடங்கள் அந்தக் கம்பெனியின் தொடக்கத் திரையை எடுக்கவே முடியாமல் இருந்தது, எடுக்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டியிருந்தது. காலேஜ்காரர் சொன்ன லைசென்ஸ் கதை அந்தக் காலத்துச் செய்தியாக இருக்கலாம். 2024 அக்டோபரில் வந்த யூனிட்டி 6-இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இலவசப் பதிப்புக்கான வருமான வரம்பும் வருடத்துக்கு 1 லட்சம் டாலரிலிருந்து 2 லட்சம் டாலர் ஆனது. அன்ரியலில் விஷயம் தலைகீழ். அதன் லோகோவை நம் இஷ்டத்துக்குப் போட முடியாது, தனி அனுமதி வேண்டும். ஆனால் நன்றிப் பகுதியில் அவர்களுடைய வணிகமுத்திரை வாசகம் இருந்தே ஆக வேண்டும். ஒரு விளையாட்டின் மொத்த வசூல் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 5 விழுக்காடு அவர்களுக்கு. கேம்மேக்கர் 2023 நவம்பரிலிருந்து விற்காதவர்களுக்கு இலவசம், விற்க வேண்டுமானால் ஒருமுறை 99.99 டாலர். இன்னும் பழைய டார்க் இன்ஜினில், தனி ஆட்களுக்கு 100 டாலர் என்று மலிவாகக் கொடுத்துவிட்டு, விளையாட்டின் தொடக்கத்தில் தங்கள் லோகோவைக் கட்டாயம் காட்டச் சொன்னார்கள். 2012-இல் அதன் முப்பரிமாணப் பதிப்பும் எம்ஐடி உரிமத்துக்கு மாறிவிட்டது.

இந்த நிபந்தனைகள் அவ்வப்போது மாறும் என்பதுதான் இந்தத் துறைக்கு வரும் பிள்ளை முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி ஓர் அறிவிப்பு விட்டது. அடுத்த ஜனவரி 1 முதல், ஒரு வரம்பைத் தாண்டிய விளையாட்டை யாராவது நிறுவும் ஒவ்வொரு தடவையும் செய்தவர் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. வருடக்கணக்கில் உழைத்து முடித்த விளையாட்டுக்கு, முடித்த பிறகு புது விலை. உலகம் முழுக்கச் சின்னக் குழுக்கள் கொதித்துப்போயின. பத்து நாளில் நிபந்தனையைத் தளர்த்தினார்கள், அடுத்த மாதமே தலைமை அதிகாரி பதவியை விட்டுப் போனார், சரியாக ஒரு வருடம் கழித்து அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். கோடோவை நாளைக்கே மூடினாலும் இன்று இவள் கையில் இருக்கும் பதிப்புக்குக் கிடைத்த எம்ஐடி அனுமதியைத் திரும்பப் பிடுங்க யாராலும் முடியாது.

காலேஜ் தரும் லைசென்ஸையும் விசாரியுங்கள் என்று அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். படிப்புக்காகக் கொடுக்கும் மென்பொருளில் பல, படிக்க மட்டும்தான். முப்பரிமாண உருவம் செய்யும் மாயாவின் மாணவர் உரிமத்தில் செய்ததை விற்கக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் செய்தால் உருவம் முழுக்க இவளுடையது. இன்னொன்றும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். மாணவி காலேஜின் ஊழியர் கிடையாது. ஆனால் சேரும்போது கையெழுத்து வாங்கும் தாளில், இங்கே செய்யும் புராஜெக்ட் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மாட்டோம் என்றால் அங்கே சேராதீர்கள்.

பிறகு என்னதான் படிப்பது? ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, கட்-ஆஃப், எந்தக் காலேஜில் எந்தப் பிரிவு என்பதையெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை. தெருவுக்கு நான்கு பேர் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது, 'அதெல்லாம் ஒரு படிப்பா' என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கும் ஒன்று: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மூன்று வருடம். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். அரசு கலைக் கல்லூரிகளுக்கென்றே உள்ள இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதியைத் தவற விடக் கூடாது. வேண்டுமானால் பிறகு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம். பட்டம் இந்த வழியில் வந்துவிடும். தொழிலைச் சாயங்காலங்களில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாயங்காலங்களை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் வருடம் பஸ் விளையாட்டை முழுசாக முடிக்க வேண்டும். அவள் முதலில் கோடோவின் பழைய 3-ஆம் பதிப்பில் தொடங்கியிருந்தாள். அதில் 'பெருந்துறை' என்று பலகை எழுதினால் ஒற்றைக் கொம்பு 'ப'வுக்கு வலப்பக்கம் போய் நின்றதாம். ஒரு மாதம் தலையை உடைத்துக்கொண்டு, கடைசியில் எல்லா ஊர்ப் பெயர்களையும் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறாள். 2023-இல் வந்த 4-ஆம் பதிப்பில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரு திறந்த எழுத்துரு போட்டால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அந்த எழுத்துருவுக்கும் தனி உரிமம் உண்டு. விளையாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. அதன் வாசகமும் அதே உரிமத் திரையில் வர வேண்டும்.

ஒலிக்கும் இதே கவனம் வேண்டும். பஸ் ஹார்ன் சத்தத்தை எங்கோ இணையத்தில் எடுத்திருந்தாள். எங்கிருந்து என்று கேட்டதற்கு நினைவில்லை என்றாள். அதை எடுத்துவிடச் சொன்னேன். காந்திபுரத்தில் நின்று போனிலேயே பதிவு செய்தால் அது அவளுடையது. பிறருடையதை எடுத்தால், அதன் மேல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தின் குறி என்ன என்று பார்க்க வேண்டும்: சிசி0 என்றால் எதுவும் கேட்காமல் பயன்படுத்தலாம், பிஒய் என்றால் பெயர் போட வேண்டும், என்சி என்று இருந்தால் விற்கும் விளையாட்டில் தொடவே கூடாது. சினிமாப் பின்னணி இசையைப் பத்து விநாடிதானே என்று ஒட்டவே கூடாது. ஒரு கணக்கு நோட்டு போட்டு, எந்த ஃபைல், எங்கே எடுத்தது, எந்த உரிமம், எந்தத் தேதி என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வரச் சொன்னேன். பட்டறையில் பில் புத்தகம் வைப்பது போலத்தான். நாளைக்கு ஒரு ஸ்டூடியோவில் வேலை கேட்டுப் போகும்போது விளையாட்டோடு அந்த நோட்டையும் காட்டினால், மற்ற பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று இவளிடம் இருக்கும்.

இரண்டாம் வருடம் வெளியீடு. விளையாட்டுகளை விற்கும் இட்ச் தளத்தில் போடக் காசு வேண்டாம், வருமானத்தில் அவர்களுக்கு எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம். கூகுள் பிளேவுக்கு ஒரே தடவை 25 டாலர், நம் பணத்தில் 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். புதிதாகத் தனிநபர் கணக்கு திறப்பவர் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைத்த பிறகுதான் வெளியிட முடியும், அதற்கு வகுப்புத் தோழிகள் போதும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். 18 வயது ஆனபிறகே அவள் பேரில் ஒப்பந்தம் செல்லும், அதனால் இப்போதைக்கு அவசரமில்லை. கூடவே கோடோவின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலை இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அதில் கைவைத்தால் அவள் பெயர் பொதுவில் பதிவாகும்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. மொபைல் விளையாட்டு செய்யும் ஸ்டூடியோக்களில் பலவும் யூனிட்டி தெரிந்தவரைத்தான் கேட்கின்றன. மூன்றாம் வருடம் சி ஷார்ப் என்ற நிரல்மொழியும் யூனிட்டியும் கற்றே ஆக வேண்டும், அதுவும் இலவசப் பதிப்பிலேயே முடியும். சொந்த விளையாட்டில் மட்டும் பிழைக்க முடியும் என்று நான் யாருக்கும் உறுதி தர மாட்டேன். 16 லட்சத்துப் படிப்பும் அந்த உறுதியைத் தராது. விளையாட்டு விற்காமல் போனால் கலைக் கல்லூரி வழியில் வந்தவள் அடுத்ததைச் செய்யலாம். அடமானம் வைத்து வந்தவள் வட்டிக்காகக் கிடைத்த வேலையில் சேர வேண்டியதுதான்.

பெரியப்பா கடைசிவரை, "பி.டெக்.னு போட்டாத்தானுங்க நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கவும் ஒரு மரியாதை" என்றார். அவர் அன்பில் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் அவருக்காக நான் இறங்கிப் பேசவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "உனக்கு என்னம்மா வேணும்?" அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு நேரம் வேணும் சார். அடுத்தது மழை பேஞ்சா பஸ்ஸுல என்ன ஆகும்னு பண்ணணும்." பதினேழு வயதில் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அந்த 50,000 ரூபாயைக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். அதில் பாதி போதும், நல்ல ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று வாங்க. இன்று காலை அந்தப் பெண் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தாள். பஸ்ஸின் பின்கண்ணாடியில் 'உரிமங்கள்' என்று ஒரு பட்டன். 'உ'வுக்குப் பக்கத்தில் 'ரி' சரியாக நிற்கிறது, எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னது. பெரிதாக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.