வாசகர் கேள்வி – பதில்: கையில் பிடிக்கும் கேமரா ஸ்டெபிலைசரைச் சமன் செய்தல்

கேள்வி: திருமண வீடுகளில் வீடியோ எடுப்பது என் தொழில். அலுமினியக் குழாய், பேரிங், இரும்பு வாஷர்கள் ஆகியவற்றைக் கொண்டு ஸ்டெபிலைசர் ஒன்றை நானே செய்திருக்கிறேன். முகப்பில் தொடங்கி வளவு (முற்றத்தைச் சூழ்ந்த கூடம்), இரண்டாம் கட்டு வழியாகப் பின்வாசல் வரை ஒரே ஷாட்டாக நடந்து எடுக்கும்போது, நடக்கத் தொடங்கும் கணத்திலும் நிற்கும் கணத்திலும் கேமரா முன்னும் பின்னும் ஆடுகிறது. அடியில் வாஷர்களைக் கூட்டிப் பார்த்தேன்; ஆட்டம் அதிகமாகிறதே தவிரக் குறையவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூட்டிய வாஷர்களை முதலில் கழற்றிவிடுங்கள். உங்கள் கருவியின் மொத்த எடையும் கைப்பிடிக்கு மேலே உள்ள கிம்பலில், அதாவது எல்லாப் பக்கமும் தடையின்றித் திரும்பும் பேரிங் மூட்டில், தொங்குகிறது. கருவியின் ஈர்ப்பு மையம் அந்தக் கிம்பலுக்கு வெகு கீழே இருந்தால் அது ஊஞ்சல்தான். கை முன்னே நகரும்போது அடிப்பகுதி பின்தங்கும். கை நிற்கும்போது அடிப்பகுதி முன்னே பாயும். ஈர்ப்பு மையம் சரியாகக் கிம்பல் உள்ள புள்ளியிலேயே அமைந்துவிட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அப்போது கருவி எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நிற்கும். நிமிர்ந்து நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே நாம் தேடுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, ஆனால் இரண்டாவது நிலைக்கு மிக நெருங்கிய ஓர் இடம்.

எவ்வளவு நெருக்கம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். கேமராவும் அதன் தட்டும் சேர்ந்து 600 கிராம் என்றும், அவை கிம்பலுக்கு 10 செ.மீ. மேலே இருப்பதாகவும் கொள்வோம். கிம்பலுக்கு 30 செ.மீ. கீழே 200 கிராம் எடை வைத்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்: 600-ஐப் பத்தால் பெருக்கினாலும் 200-ஐ முப்பதால் பெருக்கினாலும் 6000தான். குழாயின் எடையை இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன். இனி அடியில் ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். அதன் எடை 7.71 கிராம். இதனால் ஈர்ப்பு மையம் கிம்பலுக்குக் கீழே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மட்டுமே இறங்கும். குழாயைப் படுக்கைவாக்கில் பிடித்து விட்டால் அது செங்குத்து நிலையைக் கடக்க ஏறக்குறைய 2 விநாடி ஆகும். கைக்கருவிக்கு வேண்டியது இவ்வளவுதான். 2 முதல் 3 விநாடிக்குள் விழும்படி அமைப்பது ஒளிப்பதிவாளர்களின் வழக்கம். உங்கள் கருவி அரை விநாடியில் ‘டக்’கென்று விழுந்தால் அடிப்பகுதி கனம் மிகுந்திருக்கிறது என்று பொருள்.

இத்தனை நுட்பமான திருத்தத்தை வாஷர்களைச் சேர்த்தும் எடுத்தும் செய்வது வேதனை. கிம்பல் இருக்கும் இடத்தைக் குழாயின் மேல் நகர்த்தி இறுக்கக்கூடியதாக, ஒரு கிளாம்ப் போல அமைத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் சொன்னால் ஒரு மணி நேர வேலை. பிறகு எடையைத் தொடாமல், கிம்பலை ஒரு மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ விழும் நேரத்தைச் சரிசெய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. எடையைவிடத் தூரம் முக்கியம். அடி எடையைப் பாதியாக்கி, கிம்பலிலிருந்து அதன் தூரத்தை இரட்டிப்பாக்கினால் சமநிலை மாறாது. ஆனால் தூரத்தின் இருமடிப் பெருக்கத்தைச் சார்ந்திருக்கும் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்ற முயலும்போது கருவி காட்டும் எதிர்ப்பு), அந்த எடையைப் பொறுத்தவரை, இரண்டு மடங்காகிவிடும். கை நடுக்கத்தைப் பொருட்படுத்தாமல் கருவி நிதானமாக நிற்பது இந்தத் திருப்புத்திறனால்தான். கருவியின் மொத்த எடையும் குறைவதால் கல்யாண வீட்டில் காலை முதல் மாலை வரை தூக்கி நிற்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. குழாய் தொடையில் இடிக்காத நீளமே எல்லை.

கேள்வி: அசையாமல் நிற்கும்போது என் ஸ்டெபிலைசர் நேராக இருக்கிறது. வளவின் தூணைச் சுற்றித் திரும்பும்போது மட்டும் படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆத்தங்குடி ஓடுகளின் கட்டங்களும் தேக்குத் தூண்களும் அந்தச் சாய்வை அப்பட்டமாகக் காட்டிவிடுகின்றன.
– வாசகர், காரைக்குடி

பதில்: நிலையான சமநிலை வேறு, சுழலும்போதுள்ள சமநிலை வேறு. நீளமான லென்ஸ் உள்ள கேமரா முன்பக்கம் கனத்திருக்கும். அதை ஈடுகட்ட அடித்தட்டில் உள்ள எடையைப் பின்னால் தள்ளியிருப்பீர்கள். நிற்கும்போது கணக்குச் சரியாகிவிடும். ஆனால் கருவியைத் திருப்பும்போது மேலே உள்ள கனம் முன்பக்கமாகவும் கீழே உள்ள கனம் பின்பக்கமாகவும் வெளியே விலக முயல்வதால், இரண்டும் சேர்ந்து குழாயைச் சாய்த்துவிடுகின்றன. மேலே உள்ள பிழையை மேலேயே திருத்த வேண்டும். கேமராத் தட்டில் நீண்ட துளையிட்டு, கேமராவைப் பின்னால் இழுத்து, அதன் ஈர்ப்பு மையம் குழாயின் மையக் கோட்டுக்கு நேர் மேலே வரும்படி வையுங்கள். அடி எடையையும் குழாயின் மையத்தைச் சுற்றிச் சமமாகப் பகிர்ந்து வையுங்கள். பிறகு கருவியைக் கிம்பலில் தொங்கவிட்டு, இரண்டு விரலால் மெல்லச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். குழாய் கூம்பு வரையாமல் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும்.

அதற்குப் பின்னும் சாய்வு இருந்தால் கிம்பலைச் சந்தேகிக்கலாம். குழாயைத் திருப்பாமல் கைப்பிடியை மட்டும் அதைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டு செல்லுங்கள். கைப்பிடி நிற்கும் பக்கத்தைப் பொறுத்துக் குழாயின் சாய்வு மாறினால், கிம்பலின் அச்சுகள் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை. இதை எடை வைத்துச் சரிசெய்ய முடியாது. கிம்பலையே மறுபடி கடைய வேண்டும். பேரிங்குகளில் கெட்டிக் கிரீஸ் இருந்தால் அதையும் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடுங்கள்.

சமன் செய்யத் தொடங்குமுன் மெமரி கார்டு, பேட்டரி, லென்ஸ் மூடி, பக்கவாட்டுத் திரை எல்லாம் படமெடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். திரையை மூடிவைத்துச் சமன் செய்துவிட்டு, வேலையின்போது திறப்பவர்களே அதிகம்.

கேள்வி: எல்லாம் சரியாகச் சமன் செய்த பின்னும், நடக்கும்போது படம் மேலும் கீழும் குதிப்பது ஏன்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கிம்பல் சாய்வையும் திருப்பத்தையும் தடுக்கும், ஏற்ற இறக்கத்தைத் தடுக்காது. அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரௌன் 1970-களில் உருவாக்கி, 1978-இல் ஆஸ்கர் விருது பெற்ற ஸ்டெடிகேமில், உடலில் கட்டும் கவசமும் சுருள்வில் பொருத்திய கையும் இருந்தது இதற்காகத்தான். அது இல்லாத நம் கருவியில் முழங்காலும் முழங்கையுமே சுருள்வில். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, கையை உடலோடு ஒட்டாமல் வைத்து நடக்கலாம். அகல லென்ஸ் பயன்படுத்தினால் மிச்சமுள்ள குதிப்பு அதிகம் தெரியாது. கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலைப்படி உள்ள வீடுகளில், படியைத் தாண்டும் இடத்தில் ஷாட்டை வெட்டிவிடுவதே என் பரிந்துரை.