எட்டாம் வகுப்பு அடங்கவில்லை என்று கேட்ட பி.எட் தம்பிக்கு

தம்பி, உசிலம்பட்டிப் பக்கம் பயிற்சிக்குப் போன பள்ளியில் எட்டாம் வகுப்பு அடங்குவதில்லை, வழிகாட்டி ஆசிரியரும் வகுப்பை உங்களிடம் விட்டுவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மேலூரில் எனக்கும் இதே கதைதான்.

பாடத்திட்ட நோட்டுக்கு ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போடுவதை முதலில் நிறுத்துங்கள். (யாரும் படிப்பதில்லை, கையெழுத்துதான் போடுவார்கள்.) அந்த நேரத்தில் வகுப்பின் முதல் 5 நிமிடத்துக்கு ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஒளிவிலகலுக்கு நான் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, அது விளிம்புக்குக் கீழே மறையும் வரை ஒரு பையனைப் பின்னால் நகரச் சொல்லி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். "சார், காசு வந்துருச்சு!" என்று கத்தினான். கடைசி பெஞ்சும் எழுந்து வந்துவிட்டது. சத்தம் குறையவில்லைதான், ஆனால் பாடத்தைப் பற்றிய சத்தம்.

வழிகாட்டியிடம் "வகுப்பைப் பாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் வரமாட்டார். "சார், மூன்றாம் பீரியடில் 10 நிமிடம் மட்டும், யார் யாரிடம் கேள்வி கேட்கிறேன் என்று குறித்துத் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முன்வரிசை ஐந்து பேரையே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டுப் பயிற்சி 16 வாரம், சரிசெய்ய நேரம் இருக்கிறது. அடுத்து எந்தப் பாடம்?